உலகிற்குத் தொடக்கம் உண்டோ?

ஒரு சமயத்தார் தம் மறைமொழியாற் கொண்ட பொருளை, அம்மறையை அறியாத பேரறிஞர் ஒருவர் தம் ஆராய்ச்சியால் மறுத்துரைப்பாராயின், அச்சமயத்தார் செய்யத்தக்கது யாது? அவர் நூலை விலக்குவதோ? தம் கொள்கையை நெகிழ்ப்பதோ? அன்றி, உரையளவை செல்லும் எல்லை இது, கருதலளவை செல்லும் எல்லை இது என வரையறுத்துக் கொள்வதோ? இவ்வினா கி.பி. 13-ஆம் நூற்றாண்டில் மேனாட்டுக் கிறிஸ்தவ ஆசிரியர்முன் எழுந்தது. அதனை எழுப்பியன கி.மு. 384 முதல் 322 வரை வாழ்ந்த கிரேக்க ஆசிரியராகிய அரிஸ்டாட்டிலின் நூல்களாம்.

அந்நூல்கள் மேனாட்டில் நெடுங்காலம் மறைந்து கிடந்தன. 6-ஆம் நூற்றாண்டிற் போயீதியஸ் என்பார் இலத்தீனில் மொழிபெயர்த்த அளவைநூற் பகுதிகள் சிலவே ஆண்டுப் பயிலப்பட்டன. கீழ்நாட்டிலோ அவர் நூல்கள் அரபு மொழியிற் பெயர்க்கப்பட்டு, இப்னு சீனா (980–1037), இப்னு ருஷ்து (1126–1198) முதலிய இஸ்லாமியப் பேரறிஞர்களால் விரித்து ஆராயப்பட்டன. 1085-இல் ஸ்பெயின் நாட்டுத் தொலேதோ நகர் கிறிஸ்தவ வேந்தர் கைப்பட்டபின், ஆண்டிருந்த அரபு நூற்செல்வம் இலத்தீனிற் பெயரத் தொடங்கியது. கிரெமோனா நகரத்து ஜெரார்டு (இறப்பு 1187) என்பார் இத்தொண்டிற் சிறந்தவர். வெனிஸ் நகரத்து ஜேம்ஸ் போன்றோர் கிரேக்க மூலத்தினின்றே மொழிபெயர்த்தனர்.

இங்ஙனம் வந்த நூல்கள் கிறிஸ்தவ மறையொடு முரணிய இடங்களுள் தலையாயது உலகின் தொடக்கம் பற்றியது. இறைவன் உலகினை இல்பொருளினின்று படைத்தான் என்பதும், அதற்குத் தொடக்கம் உண்டென்பதும் கிறிஸ்தவர் கொள்கை. அரிஸ்டாட்டிலோ, 'இப்பொழுது' எனப்படும் கணம் ஒவ்வொன்றும் கழிந்த காலத்திற்கு ஈறும் வருங்காலத்திற்கு முதலுமாம். ஆதலின் தனக்குமுன் காலமில்லாத முதற்கணம் என ஒன்று இன்று. காலம் அனாதியெனவே காலத்தாலளக்கப்படும் இயக்கமும் அனாதி எனக் கொண்டார்.

இது கண்டு அஞ்சிய திருச்சபையார் 1210-இல், அவருடைய இயற்கைநூல்களைப் பாரிஸ் நகரிற் கற்பித்தலாகாதெனத் தடுத்தனர். 1215-இல் அத்தடை மீண்டும் வற்புறுத்தப்பட்டது. அளவைநூல் மட்டும் விலக்கப்படவில்லை. ஆயினும் கற்போர் ஆர்வம் அடங்கிற்றன்று. 1255-இற் பாரிஸ் பல்கலைக்கழகத்துக் கலைப்பிரிவு அந்நூல்களையே பாடமாக விதித்தது.

இந்நிலையிற்றான் தாமஸ் அக்வினாஸ் (இறப்பு 1274) ஆராயப் புகுந்தார். அவர் தம் ஆசிரியராகிய ஆல்பெர்ட்டிடம் அரிஸ்டாட்டிலை முறையாகக் கற்றவர். அவர் முடிபு இருசாரார்க்கும் வியப்பளித்தது: உலகம் அனாதி என்பதனை அறிவால் நிறுவுதல் இயலாது, அதற்குத் தொடக்கம் உண்டென்பதனை நிறுவுதலும் இயலாது, தொடக்கம் மறையால் மட்டுமே அறியப்படும் என்பதாம்.

அற்றேல், படைப்பென்பதும் அறிவிற்கு எட்டாததோ எனின், அற்றன்று. படைக்கப்படுதல் வேறு, தொடங்குதல் வேறு. உலகம் தன் உண்மைக்கு இறைவனையே சார்ந்து நிற்றல் படைக்கப்படுதலாம். அஃது அறிவால் துணியப்படும். அச்சார்பு காலத்தில் முற்பட்டதொரு கணத்தைக் கட்டாயம் வேண்டுவதன்று. பண்டை ஆசிரியராகிய அகஸ்டீன் நூலிற் காணப்படும் உவமையொன்றை அவர் இதற்கு எடுத்தாண்டார்: ஓர் அடி அனாதியே புழுதியிற் பதிந்திருப்பின் அதன் சுவடும் அனாதியேயாம், எனினும் அச்சுவடு அடியால் ஆயதே என்பதில் ஐயமில்லை.

இதனை மறுத்தவருள் முதன்மையானவர் பொனவெந்தூரா. தொடக்கமில்லையேல் கழிந்த நாட்கள் எண்ணிலவாம், எண்ணில்லாதன கடக்கப்படா, ஆகவே இற்றைநாள் வந்திராது என்பது அவர் பக்கத்து வாதம். கடத்தல் என்பது ஓர் எல்லையினின்று மற்றோர் எல்லைக்குச் செல்லுதல். கழிந்த நாட்களுள் எதனைச் சுட்டினும் அதற்கும் இன்றைக்கும் இடைப்பட்டன எண்ணுக்கு உட்பட்டனவே என்பது அக்வினாஸின் விடை. நம்பிக்கைக்குரியதனை வலியற்ற ஏதுக்களால் நிறுவப் புகுதல் நன்றன்று. இவ்வேதுக்கள் பற்றியே கிறிஸ்தவர் நம்புகின்றனரெனக் கருதிப் புறச்சமயத்தார் நகைப்பர் என்றும் அவர் எச்சரித்தார்.

இவ்வரையறை உடனே ஏற்கப்படவில்லை. 1277-இற் பாரிஸ் ஆயர் எதியேன் தாம்பியே 219 கூற்றுக்களைக் கண்டித்தார். உலகின் அனாதித்தன்மை அவற்றுள் ஒன்று. அக்வினாஸின் கொள்கையைத் தொடுவனவும் சில இருந்தன. 1323-இல் அவர் புனிதர் என அறிவிக்கப்பட்டார். 1325-இற் பாரிஸ் ஆயர் அக்கண்டனத்தை, அவர் கொள்கையைத் தொடுமளவிற்கு நீக்கினார்.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. உலகம் அனாதியோ அன்றோ என்னும் வினாவை, இருபாலும் வாதிக்கத்தகும் வினாக்களுக்கு எடுத்துக்காட்டாகத் தம் அளவைநூலுள் வைத்தவர் அரிஸ்டாட்டிலே. அக்வினாஸ் அவ்விடத்தைச் சுட்டியே அவர்தம் இயற்கைநூல் வாதம் முடிந்த முடிபாகாமையைக் காட்டினார். நிறுவுதல் என்பது யாது, ஏது எங்ஙனம் பொருந்தவேண்டும் என்பன கிறிஸ்தவர் அரிஸ்டாட்டிலிடமே கற்றவை. அக்கல்வியே அவரை எங்கு ஏற்பது, எங்கு விலக்குவது என்பதனைத் தெரிவித்தது. தம்மவர் ஏதுக்களுள் வலியற்றன இவை என்பதனையும் அதுவே தெரிவித்தது. நூலை விலக்கியவர் இப்பயனைப் பெற்றிலர். முற்றக் கற்றவரே பெற்றனர்.