தூக்குக் கயிறு சற்றே நிற்கட்டும்

மணிமங்கலம் என்ற பெயரைக் கேட்டதும் சரித்திரப் பற்றுள்ள நம் வாசகர்களுக்கு வாதாபிப் புலிகேசியின் ஞாபகம் வரும். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியை நோக்கிப் படையெடுத்து வந்த சளுக்கிய சேனையை நரசிம்மவர்ம பல்லவர் முறியடித்த களங்களுள் இவ்வூரும் ஒன்று. இன்று அந்தப் பக்கம் போகிறவர்களுக்குக் கண்ணிற் படுவதெல்லாம் வேறு விதமான சேனை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் உள்ள மோட்டார்த் தொழிற்சாலைகளுக்கு இளைஞர்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் விடியற்காலை முதல் ஓடிய வண்ணமாக இருக்கின்றன. அவற்றில் தூங்கி வழிந்துகொண்டு போகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் 1991-ஆம் வருஷத்துக்குப் பின் பிறந்தவர்கள்.

நாம் அங்கே போனது இராஜகோபாலப் பெருமாள் கோயிற் கல்வெட்டுக்களைப் பார்ப்பதற்காக. சோழ மன்னர்கள் சளுக்கியரை வென்றதையும் கொன்றதையும் அவை வெகு பெருமையாகச் சொல்கின்றன. படித்துக்கொண்டே வரும்போது நமக்கு வேறொரு வகைக் கல்வெட்டு ஞாபகத்துக்கு வந்தது. வேட்டைக்குப் போன இடத்தில் மிருகமென்று எண்ணி ஒருவன் மனிதன்மேல் அம்பு எய்துவிடுகிறான், அடிபட்டவன் இறந்துபோகிறான். ஊரார் கூடி விசாரிக்கிறார்கள். எய்தவனைக் கொல்லவேண்டியதில்லை, இறந்தவன் பேரால் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்கட்டும் என்று தீர்ப்பாகிறது. அந்த விளக்குக்கு நெய் வேண்டி 'சாவா மூவாப் பேராடு' தொண்ணூற்றாறு விடுவது வழக்கம். இத்தகைய தீர்ப்புக்கள் தமிழ்நாட்டுக் கோயிற் சுவர்களில் ஒன்றிரண்டல்ல. நம் முன்னோர்கள் கழுவேற்றவே இல்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. போர்க்களத்தில் தலைகளை எண்ணிப் பெருமை கொண்ட அதே காலத்தில், ஊர்ச் சபையில் உட்கார்ந்தவர்கள் ஓர் உயிருக்கு இன்னோர் உயிரைக் கேட்கத் தயங்கியிருக்கிறார்கள் என்பதை மாத்திரம் சொல்லுகிறோம்.

கோயிலை விட்டு வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். ஊர், பேர் விசாரித்த பிறகு பேச்சு எப்படியோ ஸ்ரீபெரும்புதூருக்குப் போயிற்று. "அன்றிரவு நானும் கூட்டம் பார்க்கப் போனவன்தான், ஐயா. தலைவர் வர நேரமாகிவிட்டது. வீட்டில் தேடுவார்களென்று திரும்பிவிட்டேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "கூட வந்தவர்களெல்லாம் திரும்பவில்லை" என்றும் சொன்னார்.

அந்த இரவு 1991 மே 21. தேர்தல் பிரசாரத்துக்காக வந்த ஸ்ரீ ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டுக்குப் பலியானார். அவரோடு பாதுகாவலுக்கு நின்ற போலீஸார், கட்சித் தொண்டர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று பலர் மாண்டனர். அந்த இடத்தில் இப்போது ஏழு தூண்கள் நிறுத்திய நினைவாலயம் இருக்கிறது. பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

இந்தக் குற்றத்தைவிடக் கொடிய குற்றத்தை நம் தலைமுறையில் தமிழ்நாடு கண்டதில்லை. அதனால்தான் இதையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுகிறோம். சிறிய குற்றத்துக்குத் தூக்கு வேண்டாமென்று சொல்வது எல்லோருக்கும் எளிது.

மரண தண்டனை வேண்டுமென்போர் முதலில் எடுத்துக் காட்டுவது வள்ளுவரை. கொடிய கொலைகாரரை அரசன் தண்டிப்பது, பயிரைக் காக்கக் களையெடுப்பதை ஒக்கும் என்று செங்கோன்மை அதிகாரத்தில் அவர் சொல்லியிருக்கிறார். உண்மைதான்; அதை நாம் மறைக்கப் பார்ப்பதில் பயனில்லை. ஆனால் களையெடுக்க இறங்குகிறவனுக்குப் பயிர் எது, களை எது என்று தெரிந்திருக்கவேண்டும் அல்லவா?

பூந்தமல்லியில் நடந்ததைப் பார்ப்போம். அங்கே அமைந்த தடாச் சட்டத் தனிக் கோர்ட்டு, 1998 ஜனவரி 28-ந் தேதி, தன் முன் நின்ற இருபத்தாறு பேருக்கும் மரண தண்டனை விதித்தது. ஒருவர்கூட மீதியில்லை. மறு வருஷம் மே மாதம் 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதே சாட்சியங்களைப் பரிசீலித்துப் பத்தொன்பது பேரை விடுவித்தது. அவர்களிற் சிலர்மீது சில்லறைக் குற்றங்களே நிலைத்தன. அவற்றுக்குரிய தண்டனையை அவர்கள் விசாரணைக் காலத்திலேயே அனுபவித்து முடித்திருந்தார்கள். மூவருக்கு ஆயுள் தண்டனை. நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வருக்கு மாத்திரம் தூக்கு உறுதியாயிற்று. களையென்று பிடுங்கிப் போட்ட இருபத்தாறில் பத்தொன்பதை மறு வருஷம் திரும்ப நட முடிந்ததென்றால், அவை இன்னும் வாடாமலிருந்தன என்பதுதான் காரணம்.

நால்வரில் நளினிக்கு 2000-ஆம் வருஷத்தில் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. சிறையில் குழந்தை பெற்ற அந்தத் தாயின் உயிருக்காக, கணவரை இழந்த ஸ்ரீமதி சோனியா காந்தியே பரிந்து பேசினார். மற்ற மூவரின் கருணை மனுக்களும் டில்லிக்குப் போயின. போனவை பதினொரு வருஷம் அங்கேயே கிடந்தன! கடைசியில் 2011 ஆகஸ்டில் அவை நிராகரிக்கப்பட்டு, செப்டம்பர் 9-ந் தேதி வேலூர்ச் சிறையில் தூக்கு என்று நாளும் குறித்தாகிவிட்டது.

அந்த ஆகஸ்டு மாதத்துக் கடைசி வாரத்தை மறந்தவர் இரார். பேரறிவாளனின் தாயார் ஸ்ரீமதி அற்புதம்மாள் ஊர் ஊராக அலைந்தார். சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்ற ஸ்ரீ வி. ஆர். கிருஷ்ணய்யர் முதிர்ந்த வயதிலும் அவருக்காகக் குரல் கொடுத்தார். காஞ்சீபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் 28-ந் தேதி தன் உயிரையே மாய்த்துக்கொண்டாள். உயிரைக் காப்பதற்கென்று எழுந்த இயக்கத்தில் ஓர் உயிர் போனதை நம்மால் போற்ற முடியாது. துக்கிக்க மாத்திரமே முடியும். 30-ந் தேதி சென்னை ஐக்கோர்ட்டு தண்டனையை நிறுத்திவைத்தது. அன்றே தமிழ்நாட்டுச் சட்டசபையும், முதல் மந்திரி செல்வி ஜெயலலிதா கொண்டுவந்த தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றி, தண்டனையைக் குறைக்குமாறு ஜனாதிபதியை வேண்டிக்கொண்டது.

செப்டம்பர் 9-ந் தேதி வந்தது, போயிற்று. இதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம்.

பேரறிவாளன் கைதானபோது அவருக்கு வயது பத்தொன்பது. அவர்மேல் சாட்டிய குற்றங்களில் முக்கியமானது, ஒன்பது வோல்ட் பாட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தார், அவை வெடிகுண்டுக்கு உதவின என்பது. அதற்கு ஆதாரம் பெரும்பாலும் அவர் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்ததாகச் சொல்லும் வாக்குமூலமே. சாதாரணச் சட்டப்படி போலீஸாரிடம் சொன்ன வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. தடாச் சட்டமோ அதைச் செல்லுபடியாக்கிற்று. அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த ஸ்ரீ தியாகராஜன், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின், 2013 நவம்பரில் ஒரு சங்கதியை வெளியிட்டார். பாட்டரிகள் எதற்கென்று தமக்குத் தெரியாது என்றும் பேரறிவாளன் சொன்னாராம். அந்த வாக்கியத்தை மாத்திரம் தாம் எழுதாமல் விட்டுவிட்டாராம்!

ஒரு வாக்கியம். இருபத்திரண்டு வருஷம் அது ஒரு மனிதருடைய மனத்துக்குள் கிடந்திருக்கிறது. செப்டம்பர் 9-ந் தேதி காலையில் கயிறு தன் வேலையை முடித்திருந்தால், அந்த வாக்கியம் வெளியே வந்து யாருக்கு என்ன பயன்? மதுரை மன்னன் தன் பிழையை உணர்ந்தபோது கோவலன் எங்கே இருந்தான்? பேரறிவாளன் முழுக்க நிரபராதி என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. எந்தக் கோர்ட்டும் அப்படிச் சொல்லிவிடவில்லை. அவருடைய தண்டனையை உறுதிசெய்த பெஞ்சுக்குத் தலைமை வகித்த ஸ்ரீ கே. டி. தாமஸே பிற்காலத்தில், இத்தனை வருஷம் சிறையில் வைத்துவிட்டுத் தூக்கிலும் போடுவது ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை என்று சொன்னார். 2014 பிப்ரவரி 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, கருணை மனுக்களைத் தீர்க்க நேர்ந்த தாமதத்தைக் காரணங் காட்டி, மூவரின் தண்டனையையும் ஆயுளாக்கிற்று. 2022 மே 18-ந் தேதி பேரறிவாளனும், அவ்வருஷமே நவம்பர் 11-ந் தேதி மற்ற அறுவரும் விடுதலை அடைந்தனர். சாந்தன் பிறந்த மண்ணுக்குத் திரும்பும் முன்பே 2024 பிப்ரவரியில் சென்னை ஆஸ்பத்திரியில் காலமானார்.

உலக நாடுகளில் பெரும்பாலானவை இன்று கேட்பதும் இந்த 'நிறுத்திவைப்பு' ஒன்றைத்தான். சட்டப் புத்தகத்திலிருந்து மரண தண்டனையை இன்றே அடித்துவிடு என்று அவை சொல்லவில்லை. கயிற்றைக் கையில் எடுக்காதே, யோசித்துக்கொண்டிரு என்கின்றன. ஐக்கிய நாடுகள் சபையில் இதற்காக 1994-லும் 1999-லும் செய்த முயற்சிகள் கைகூடவில்லை. ரோமாபுரியைச் சேர்ந்த ஸந்த் எஜிதியோ சமூகத்தார் முதலியோர் உலகெங்கும் திரட்டிய ஐம்பது லட்சம் கையெழுத்துக்களை 2007-இல் அச்சபைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவ்வருஷம் டிசம்பர் 18-ந் தேதி தீர்மானம் நிறைவேறிற்று: ஆதரவு 104, எதிர்ப்பு 54, நடுநிலை 29. அதன் பிறகும் அது திரும்பத் திரும்பச் சபைக்கு வந்துகொண்டிருக்கிறது. 2024-இல் ஆதரவு 130 ஆகவும், எதிர்ப்பு 32 ஆகவும் மாறியிருந்தன.

இந்தியா எந்தப் பக்கம் என்று கேட்கிறீர்களா? 2007-லும் எதிர்ப்பு, 2024-லும் எதிர்ப்பு.

இதில்தான் நமக்கு வெட்கமாயிருக்கிறது. பகத்சிங்கைத் தூக்கிலிட்ட சில தினங்களுக்குள் 1931-இல் கராச்சியில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. சுதந்தர இந்தியாவின் ஜனங்களுக்கு என்னென்ன உரிமைகள் என்று வகுத்த கராச்சித் திட்டத்தில், மரண தண்டனை ஒழியவேண்டும் என்பதும் ஒன்று. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944-லேயே அதை எடுத்துவிட்டது. இந்திய யூனியனோடு சேர்ந்த பிற்பாடு அங்கே மறுபடியும் தூக்குமரம் நட்டார்கள்! டாக்டர் அம்பேத்கர் 1949 ஜூனில் அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, மரண தண்டனையை அறவே எடுத்துவிடுவதையே தாம் விரும்புவதாகச் சொன்னார். கயத்தாற்றுப் புளியமரத்தைக் கட்டபொம்மன் பெயரால் ஞாபகம் வைத்திருக்கும் நாம், அந்நியன் விட்டுப்போன கயிற்றை மாத்திரம் பத்திரமாகப் போற்றி வருகிறோம்.

2015-இல் ஸ்ரீ ஏ. பி. ஷா தலைமையில் சட்டக் கமிஷன், பயங்கரவாதக் குற்றங்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு இத்தண்டனையை ஒழிக்கலாமென்று சிபாரிசு செய்தது. அந்த விலக்கு நமக்கு உவப்பாயில்லை. பயங்கரவாதம் என்று பெயர் வந்ததும் சாட்சியத்தின் விதிகளைத் தளர்த்துவதும், ஜனங்களின் கோபம் கோர்ட்டின் வாசல் வரை வந்து நிற்பதும் வழக்கம். தவறு நேர எங்கே அதிக இடமோ அங்கேயே கயிற்றை விட்டுவைப்பது எப்படிச் சரியாகும்?

கடல் கடந்த தமிழரிடையே இரண்டு காட்சிகளும் உண்டு. மலேயா நாட்டார் 2018-இல் தண்டனையை நிறுத்திவைத்தார்கள். அந்த ஓய்வில் யோசித்து, 2023-இல் கட்டாய மரண தண்டனைச் சட்டத்தையே மாற்றினார்கள். பாலத்துக்கு அந்தப் புறம் சிங்கப்பூர். மலேசியத் தமிழரான நாகேந்திரன் தர்மலிங்கம் நாற்பத்து மூன்று கிராமுக்கும் குறைவான ஹெராயினுக்காக 2022 ஏப்ரலில் அங்கே தூக்கிலிடப்பட்டார். அவருடைய அறிவு வளர்ச்சி குறைவென்று எத்தனையோ பேர் மன்றாடியும் பயனில்லை. இலங்கையிலோ 1976-க்குப் பின் தூக்கு நடக்கவில்லை. 2019-இல் ஜனாதிபதி நால்வருக்கு ஆணையில் கையெழுத்திட்டும் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு தடுத்துவிட்டது. தமிழ்நாட்டிலும் 1995-இல் சேலம் சிறையில் ஆட்டோ சங்கருக்கு நடந்ததே கடைசி. கொலை செய்யத் துணிகிறவன் தூக்கை நினைத்து அஞ்சுகிறான் என்போர், இத்தனை வருஷமாகக் கயிறு எடுக்காத தமிழ்நாடு என்ன ஆகிவிட்டதென்று சொல்லட்டும்.

இதையெல்லாம் நாம் பஸ் வருகிற வரையில் அந்தப் பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் நடுவில் குறுக்கிடவில்லை. கடைசியில், "ஐயா, விடுதலையான அன்றைக்கு மாலை போட்டார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். என்னோடு வந்து செத்தவன் வீட்டை யாராவது எட்டிப் பார்த்தார்களா?" என்று கேட்டார்.

நமக்குப் பதில் வரவில்லை. அந்த மிட்டாயை நாமும் சரியென்று சொல்லமாட்டோம். காயம்பட்டு உயிர் தப்பிய போலீஸாரும், தந்தையை இழந்த பிள்ளைகளும் அன்று தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்? தூக்கு வேண்டாமென்று பேசுகிறவர்கள் அவர்கள் வாசலுக்கும் போகவேண்டும். ராஜீவின் புதல்வி ஸ்ரீமதி பிரியங்கா 2008-இல் வேலூர்ச் சிறைக்குப் போய் நளினியைக் கண்டு பேசினார். அது அவருடைய பெருந்தன்மை. எல்லோரிடமும் அதைக் கேட்டு வாங்க நமக்குப் பாத்தியதை கிடையாது.

பெரியவரிடம் ஐக்கிய நாடுகள் சபையின் விஷயத்தைத் திரும்பவும் எடுத்துச் சொன்னோம். அங்கே கை தூக்குகிறவர் நம் எல்லோர் பேராலுந்தான் தூக்குகிறார். ஆகவே ஒவ்வொரு குடும்பத்தாரும் தங்கள் தொகுதிப் பார்லிமெண்டு அங்கத்தினருக்கு, எதிர்ப்பை விட்டு நடுநிலைக்காவது வாருங்கள் என்று ஒரு கார்டு எழுதிப் போடலாம் என்றோம். நம் வாசகர்களுக்கும் இதையே சொல்லுகிறோம்.

"நான் எழுதினால், செத்தவர்கள் குடும்பத்துக்கு முதலில் வழி செய், அப்புறம் கயிற்றை எடுத்துவை என்றுதான் எழுதுவேன்" என்றார் அவர்.

"அப்படியே எழுதுங்கள்" என்றோம். ஒரகடம் பஸ் வந்துவிட்டது. அவர் விலாசம் குறித்துக்கொள்ளக் காகிதம் கேட்டார். நம் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டோம்.