மனத்தில் இருக்கும் வாத்து முயலாக மாறுமா?

இந்தப் பத்தியை வாசித்துவிட்டுக் கண்களை மூடிக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து ‘டி’யை மனத்தில் எழுதுங்கள். அதை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். தட்டையான பக்கம் கீழே வந்துவிடும். அதன் நடுவிலிருந்து ‘ஜே’ எழுத்தைத் தொங்கவிடுங்கள். என்ன தெரிகிறது?

பலருக்குக் குடை தெரியும். குடை என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை. நீங்களே மனத்தில் வரைந்து, நீங்களே கண்டுபிடித்தீர்கள். 1989இல் ரொனால்ட் ஃபிங்கி, ஸ்டீவன் பிங்கர், மார்த்தா ஃபாரா ஆகிய உளவியலாளர்கள் இத்தகைய பயிற்சிகளை ஆய்வாகவே நடத்தினார்கள். (எதுவுமே தெரியவில்லை என்றால் கவலை வேண்டாம். சிலருக்கு மனக்காட்சி தோன்றுவதே இல்லை. இதற்கு 2015இல் ‘அஃபன்டேசியா’ என்று பெயர் சூட்டினார்கள். அவர்களும் நன்றாகவே சிந்திக்கிறார்கள்.)

மனத்தில் ‘பார்ப்பது’ வெறும் பேச்சு வழக்கன்று. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலர், கண் நன்றாக இருந்தும் தங்கள் இடப்புறத்தில் இருப்பவற்றைக் கவனிக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட இருவரிடம், இத்தாலியின் மிலான் நகரப் பேராலயச் சதுக்கத்தைக் கற்பனை செய்து விவரிக்கச் சொன்னார்கள் பிசியாக், லுட்சாத்தி என்னும் ஆய்வாளர்கள். பேராலயத்தை நோக்கி நிற்பதாக எண்ணியபோது, வலப்புறக் கட்டடங்களையே பெரும்பாலும் சொன்னார்கள். பேராலய வாசலில் நின்று சதுக்கத்தை நோக்குவதாக எண்ணியபோது, முன்பு விட்டுவிட்ட கட்டடங்களைச் சொன்னார்கள். முன்பு சொன்னவை விடுபட்டன. 1978இல் வெளியான இந்த ஆய்வை எப்போது படித்தாலும் எனக்கு வியப்புதான். சதுக்கம் முழுவதும் நினைவில் இருந்தது. ஆனால், கற்பனையிலும் அவர்களுக்கு ஓர் இடப்புறம் இருந்தது, அது விடுபட்டுப்போனது.

அப்படியானால், மனக்காட்சி என்பது தலைக்குள் மாட்டிய ஒரு புகைப்படமா? இந்தக் கேள்விக்குத்தான் வாத்து வருகிறது.

1892இல் ஜெர்மானிய நகைச்சுவை இதழ் ஒன்றில் வெளியான படம் அது. ஒரே தலை, இடப்பக்கம் இரண்டு நீண்ட நீட்சிகள். அவற்றை அலகு என்று கொண்டால் இடப்பக்கம் பார்க்கும் வாத்து. காதுகள் என்று கொண்டால் வலப்பக்கம் பார்க்கும் முயல். தாளில் பார்க்கும்போது பெரும்பாலோருக்கு வாத்து முயலாகும், முயல் மீண்டும் வாத்தாகும்.

1985இல் டெபோரா சேம்பர்ஸ், டேனியல் ரைஸ்பெர்க் இருவரும் இப்படத்தைச் சில விநாடிகள் மட்டும் காட்டி எடுத்துவிட்டார்கள். பிறகு, மனத்தில் உள்ள படத்தில் வேறொரு விலங்கைத் தேடச் சொன்னார்கள். பார்த்தவர்களுக்கு இத்தகைய இரட்டைப் படங்கள் பற்றி முன்பே சொல்லப்பட்டிருந்தது. இருந்தும் ஒருவராலும் முடியவில்லை. வாத்தாகப் பார்த்தவருக்கு அது வாத்துதான். முயலாகப் பார்த்தவருக்கு முயல்தான்.

கோடுகள் மறந்துபோயிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. மனத்தில் உள்ளதை அப்படியே தாளில் வரையச் சொன்னார்கள். தாங்களே வரைந்த படத்தைப் பார்த்ததும் மற்ற விலங்கை எல்லாரும் கண்டுகொண்டார்கள்!

ஆக, கோடுகள் மனத்தில் இருந்தன. ஆனால், கோடுகள் மட்டும் தனியாக இல்லை. ‘இது வாத்து, இது அதன் முன்பக்கம், இது பின்னந்தலை’ என்ற கருத்தும் கோடுகளோடு பின்னிக் கிடந்தது. படம் ஒன்று, பொருள் வேறொன்று என்று பிரித்தெடுக்கும்படி மனம் அதைச் சேமிக்கவில்லை. தாளில் இருக்கும் கோட்டுக்கோ பெயர் கிடையாது. கண் அதைப் புதிதாகப் படிக்கலாம்.

குடை மட்டும் எப்படி வந்தது? அங்கே எது மேல், எது கீழ் என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது. அதை மாற்றாமலே குடையைக் காண முடியும். வாத்து முயலாக வேண்டுமானால் முன்பக்கம் பின்பக்கமாக வேண்டும், அதுதான் கடினம். முற்றிலும் முடியாததும் அல்ல. 1992இல் மேரி பீட்டர்சன் குழுவினர் ‘பின்னந்தலையை முன்பக்கமாக எண்ணிப் பாருங்கள்’ என்பது போன்ற குறிப்புகளைக் கொடுத்தபோது, சிலருக்கு மனத்திலேயே முயல் தோன்றியது. கண்ணைத் திறக்காமல், கருத்தை மட்டும் தொட்டு அசைத்ததன் விளைவு அது.

வடிவியல் கணக்கில் திணறும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு இந்த வாத்து நினைவுக்கு வரும். ஒரு கோட்டை முக்கோணத்தின் பக்கம் என்று மனத்தில் பதித்துவிட்டால், அதுவே அடுத்த முக்கோணத்தின் உயரம் என்பது எளிதில் தோன்றாது. ‘கிறுக்காமல் மனத்திலேயே யோசி’ என்று அப்போது சொல்வது, முயலைத் தேடும் பிள்ளையிடமிருந்து தாளைப் பிடுங்குவது போன்றது என்பது என் கருத்து.

இன்று இரவு வீட்டில் சோதித்துப் பாருங்கள். அந்தப் படத்தை யாருக்காவது ஐந்து விநாடி காட்டிவிட்டு மறைத்துவிடுங்கள். என்ன விலங்கு என்று கேளுங்கள். மனத்தில் இன்னொன்றைத் தேடச் சொல்லுங்கள். பிறகு பென்சிலைக் கொடுங்கள்.