பத்துக் கட்டமும் பட்டுப் பாவும்

"நாளை மழைக்கு 30 சதவிகிதம் வாய்ப்பு" என்கிறது வானிலை அறிக்கை. நேயர்களே, இதற்கு என்ன அர்த்தம்? ஊரில் முப்பது சதவிகித இடத்தில் மழையா? அல்லது நாளில் முப்பது சதவிகித நேரம் மழையா?

இரண்டும் இல்லை! இதே நிலைமையுள்ள பத்து நாட்களில் மூன்று நாள் மழை பெய்யும் என்பதே பொருள். 2005-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் ஐந்து நகரங்களில் இதைக் கேட்டார்கள். நியூயார்க்கில் பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். பெர்லின், மிலான் முதலிய நான்கு ஐரோப்பிய நகரங்களிலோ ஒரே குழப்பம்!

சின்ன காஞ்சிபுரத்தில் இந்தக் குழப்பம் சில்லறை விஷயமல்ல. அங்கே நெசவாளர்கள் காலை வேளையில் தெருவிலே பட்டுப் பாவை நீளக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துவார்கள். நடுவில் மழை பிடித்துக்கொண்டால் பாடு வீண்.

சதவிகிதம் புரியவில்லையா? காகிதத்தில் பத்துக் கட்டம் போடுங்கள். மூன்றுக்கு நீலம் தீட்டுங்கள். நாளைய பொழுது இந்தப் பத்தில் ஏதோ ஒன்று. எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் துணியலாமா, வேண்டாமா என்று யோசிக்கக் கண்ணுக்கு ஒரு பிடி கிடைத்துவிடுகிறது அல்லவா?

மாடியில் வடாம் பிழியும் உங்களுக்கு மூன்று கட்டம் பெரிதல்ல. போனால் கொஞ்சம் மாவு. பட்டுப் பாவுக்கோ மூன்று கட்டமே அதிகம். ஒரு நாள் பொறுப்பது புத்திசாலித்தனம். படம் ஒன்று, முடிவு இரண்டு, இரண்டும் சரியே!

ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு படமும் வரும். புயலின் பாதையை நடுவில் கோடாகவும், அதைச் சுற்றி வாய் அகன்ற புனல் போலவும் வானிலைத் துறையினர் வரைகிறார்கள். புனல் அகலுவதால் புயல் பெருக்கிறது என்று எண்ணாதீர்கள். நாள் தள்ளிப்போகப் போகக் கணிப்பில் பிழை பெருகும். அதைத்தான் அந்த அகலம் காட்டுகிறது. புயலின் மையம் போகக்கூடிய இடமே புனல். மழையும் காற்றும் அதற்கு வெளியிலும் வரும்.

2018 நவம்பர் 11-ஆம் தேதி, 'கஜா' புயல் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே கரை கடக்கும் என்று கணித்தார்கள். பிறகு கணிப்பு தெற்கே நகர்ந்தது. 16-ஆம் தேதி பின்னிரவில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. முதல் நாள் படத்தோடு நின்றுவிடாமல், தினமும் புதுப் படத்தைப் பார்ப்பது எவ்வளவு அவசியம் பாருங்கள்!

இனி, பத்தில் மூன்று என்ற நாளில் மழை கொட்டினால் வானிலைக்காரரை வையாதீர்கள். அந்த மூன்று நீலக் கட்டங்களும் முதலிலிருந்தே அங்கே இருந்தனவே!