காரின் முகப்பில் தொங்கும் பிளக்

கனடாவின் வின்னிபெக், சஸ்கட்டூன் போன்ற நகரங்களில் பெட்ரோல் கார்களின் முகப்பிலிருந்து ஒரு மின்வயர் தொங்கும். மின்சாரக் கார் என்று நினைத்துவிட வேண்டாம். அது என்ஜினைச் சூடாக்கும் ‘பிளாக் ஹீட்டர்’ வயர். ஜனவரியில் மைனஸ் 30 டிகிரியெல்லாம் அங்கே சாதாரணம். அதனால் பல கார் நிறுத்துமிடங்களில் வண்டிகளுக்கென்றே பிளக் பாயின்ட் இருக்கும்.

என்ஜினில் ஓடும் நீர் உறைந்துவிடும் என்றா இத்தனை ஏற்பாடு? இல்லை. நீரோடு சரிபாதி கிளைக்கால் என்ற உறைதடுப்பு திரவம் கலந்த ‘கூலன்ட்’ என்றால் மைனஸ் 35 வரை கவலையில்லை. வில்லன் ஆயில்தான். குளிரில் அது இறுகிப்போய், என்ஜினைச் சுழற்றுவதே பெரும்பாடாகிவிடும். சுழற்ற வேண்டிய பேட்டரியும் அதே குளிரில் பாதி பலத்தை இழந்து நிற்கும்.

அந்தக் காலத்தில் ராத்திரியே ஆயிலை வடித்து, வீட்டுக்குள் கதகதப்பாக வைத்திருந்து, காலையில் திரும்ப ஊற்றியவர்கள் உண்டு. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் வேறு வழி கண்டார். சிலிண்டர் ஹெட்டை இறுக்கும் போல்ட் ஒன்றைக் குடைந்து, உள்ளே மின்சூடேற்றியை வைத்தார். 1949-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

இப்போது ஹீட்டருக்குப் பெரும்பாலும் வேறு இடம். என்ஜின் பிளாக்கை வார்க்கும்போது உள்ளிருக்கும் மணலை எடுப்பதற்காக விடும் துளைகளைப் பிறகு உலோக மூடியால் அடைத்துவிடுவார்கள். அந்த மூடிகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஹீட்டரைப் பொருத்துகிறார்கள். நம் வீட்டில் வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டர் ராடின் தம்பி என்றே சொல்லலாம். கார்களில் சுமார் 400 வாட்டிலிருந்து தொடங்கும். பெரிய டீசல் வண்டிகளுக்கு 1000 வாட்டையும் தாண்டும். பம்ப் எதுவும் வேண்டாம். சூடான கூலன்ட் மேலே ஏற, குளிர்ந்தது கீழே வரும். பிளாக்கின் உலோகம் சூடாகி, அதன் வழியாகத்தான் ஆயிலுக்கு வெப்பம் போகும். பிளக்கைச் செருகியதும் பழகியவர்கள் காதைக் கொடுத்துக் கேட்பார்கள்: ‘ஸ்ஸ்’ என்ற சன்னமான இரைச்சல் வந்தால் ஹீட்டருக்கு உயிர் இருக்கிறது.

ராத்திரி முழுக்க செருகி வைப்பது வீண். கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு போதும். அதற்குமேல் போகும் வெப்பமெல்லாம் தெருவுக்குத்தான். 400 வாட் ஹீட்டர் பத்து மணி நேரத்தில் 4 யூனிட் தின்னும். மூன்று மணி நேரம் என்றால் 1.2 யூனிட். ஹீட்டரோடு ஒரு டைமரும் வாங்காதவரைக் கெட்டிக்காரர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்றைய மெல்லிய சிந்தெட்டிக் ஆயில் ஊற்றிய புதுக் கார்கள் ஹீட்டர் இல்லாமலே கடுங்குளிரில் கிளம்பிவிடும் என்பது உண்மை. ஆனாலும் முதல் சில நிமிடத் தேய்மானமும் எரிபொருள் செலவும் குறைய வேண்டுமானால் பிளக்கைச் செருகத்தான் வேண்டும். கழற்றவும் வேண்டும். மறந்துபோய் வயரோடு வண்டியைக் கிளப்புகிறவர்கள் இருப்பதால்தான், சிலர் வயரை ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் ஒரு சுற்றுச் சுற்றி வைக்கிறார்கள்.