காலிப் பெட்டி திரும்புது... தக்காளி ஏன் ரோட்டுக்குப் போகுது?

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு, தக்காளிக்குப் பேர்போன ஊர். இங்கிருந்து வெளியூர்களுக்குத் தக்காளி பிளாஸ்டிக் பெட்டிகளில் போகிறது. காயை இறக்கியதும் காலிப் பெட்டி திரும்புகிறது. பொருள் போன வழியில் இப்படி ஒன்று பின்னோக்கி வருவதுதான் 'ரிவர்ஸ் லாஜிஸ்டிக்ஸ்'. பேரைக் கேட்டு மிரள வேண்டாம், காலி சோடா பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்த அதே கதைதான்!

பெட்டி பல நடை ஓடும். அதனால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் கழுவாமல் காய் நிரப்பினால், ஒட்டியிருக்கும் அழுகல் அடுத்த லோடையும் கெடுத்துவிடும்.

சரி, விலை சரிந்தால் தக்காளிக்கு என்ன ஆகும்? ஒரு பெட்டிக்கு 25 கிலோ, கிலோ 2 ரூபாய்னு வச்சுக்குவோம். மொத்தமே 50 ரூபாய். பறிப்புக் கூலி, வண்டி வாடகை, மண்டி கமிஷன் போக விவசாயிக்கு என்ன மிஞ்சும்? அதனால்தான் செடியிலேயே விடுகிறார்கள், மாட்டுக்குப் போடுகிறார்கள், ரோட்டோரம் கொட்டுகிறார்கள். குவியலுக்குள் காற்று புகாமல் அழுகினால், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வெளியேறும். இத்தனைக்கும் 2023 ஜூலையில் இதே தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்ட, சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்றது.

2018-19 மத்திய பட்ஜெட்டில் 500 கோடி ரூபாயில் 'ஆபரேஷன் கிரீன்ஸ்' அறிவிக்கப்பட்டது. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்கான திட்டமாகத் தொடங்கியது இது. விளைச்சல் மிஞ்சும் காலத்தில் போக்குவரத்து, சேமிப்புச் செலவில் 50 சதவீதம் மானியம் என்பது அதில் ஓர் அம்சமாக இருந்தது. ஆனால் பழுத்த தக்காளி மானியத்துக்காகக் காத்திருக்காது. கூழாக்கும் ஆலை விளையும் இடத்துக்குப் பக்கத்திலேயே வேண்டும். அதையும் மீறி அழுகுவதை எரிவாயுக் கலனில் போட்டால் மீத்தேன் அடுப்பெரிக்கும், மிஞ்சும் கழிவு உரமாக வயலுக்கே திரும்பும்.