படுத்த படுக்கையும் ரத்தக்கட்டும்: ஊசி யாருக்கு?

நிமோனியா, இதயச் செயலிழப்பு, பக்கவாதம் என்று மருத்துவமனையில் நாள்கணக்கில் படுத்திருப்பவரின் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். அது நழுவிப்போய் நுரையீரலை அடைத்தால் உயிரே போகும். ஆபரேஷன் ஆனவர்களுக்குத்தான் இது வரும் என்று நினைப்பது தவறு.

தடுப்பதற்கு ஊசி இருக்கிறது. எனாக்ஸபாரின் 40 மில்லிகிராம், வயிற்றுத் தோலுக்கு அடியில் தினமும் ஒன்று. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பெரும்பாலும் சாதாரண ஹெபாரின். இரண்டுமே தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் உச்ச விலையை அரசு நிர்ணயிக்கிறது. கட்டி வந்துவிட்டால் சி.டி. ஸ்கேன், ஐ.சி.யூ., அதன்பின் குறைந்தது 3 மாதம் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

அப்படியானால் வார்டில் எல்லோருக்கும் போட்டுவிடலாமே? கூடாது. இத்தாலியின் பதுவா நகர மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. அவர்கள் ஒவ்வொருவரின் ஆபத்தையும் மதிப்பெண்ணாகக் கணக்கிட்டார்கள்: புற்றுநோய், முன்பே கட்டி வந்தது, நடமாட்டம் இல்லாமை ஆகியவற்றுக்குத் தலா 3 மதிப்பெண். 70 வயது அல்லது அதற்கு மேல், தொற்று, உடல்பருமன் போன்றவற்றுக்குத் தலா 1. கூட்டினால் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து அதிகம். அப்படிப்பட்டவர்களில் தடுப்பு மருந்து பெறாத 100 பேரில் 11 பேருக்கு 90 நாளுக்குள் கட்டி வந்தது. பெற்றவர்களில் 2 பேருக்குத்தான். மதிப்பெண் குறைந்தவர்களிலோ 1000 பேருக்கு 3 பேர். இவர்களுக்கு ஊசி போடுவது வீண்செலவு, கூடவே ரத்தக்கசிவு அபாயம். ஆக, பணத்தை மிச்சப்படுத்துவது இந்தக் கணக்குதான். அதற்குச் செலவு ஒரு பைசா கிடையாது. ஆனாலும் பல இடங்களில் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

பக்கவாத நோயாளிக்கு இறுக்கமான காலுறை வாங்கச் சொன்னால் யோசியுங்கள். தொடைவரை போடும் காலுறையால் பயனில்லை, தோல் புண்ணாகிறது என்று 2009இலேயே பெரிய ஆய்வு காட்டிவிட்டது.

அட்மிட் ஆன அன்றே டாக்டரிடம் கேளுங்கள்: "இவருக்கு ரத்தக்கட்டு அபாயம் எவ்வளவு, ரத்தக்கசிவு அபாயம் எவ்வளவு, கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறதா?" விளக்கம் கேட்பது நோயாளியின் உரிமை. வீடு திரும்பிய பிறகும் சில வாரங்களுக்கு ஆபத்து உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தைலம் தேய்த்து உருவிவிடாதீர்கள். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால் 108ஐ அழையுங்கள்.

கவனக்குறைவால் பாதிப்பு என்று தோன்றினால் முதலில் மருத்துவப் பதிவேடுகளை எழுத்தில் கேளுங்கள்; 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மருத்துவரின் நடத்தை குறித்து மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். கட்டணம் வாங்கிய மருத்துவமனை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கோரலாம். அதற்குக் காலக்கெடு 2 ஆண்டு.