பாசியை அறுவடை செய்யும் மீன்கள்

கொல்கத்தாவின் சாக்கடை நீர் எங்கே போகிறது? ஹூக்ளி ஆற்றுக்கு என்றுதான் நம்மில் பலர் நினைத்திருப்போம். ஆனால் இந்த நகரின் வாட்டம் ஆற்றுக்கு எதிர்த்திசையில், கிழக்கு நோக்கி இருக்கிறது. ரயில்வேயில் வாட்டம் பார்த்தே காலம் கழித்த எனக்கு முதலில் கண்ணில் பட்டது இதுதான்.

கால்வாய்களில் கிழக்கே செல்லும் கழிவுநீரில் ஒரு பங்கை 'பேரி' எனப்படும் ஆழமற்ற மீன்குளங்களில் அளவாக விடுகிறார்கள். மிச்சம் குல்தி ஆற்றுக்குப் போகிறது. குளத்து நீரிலுள்ள பாக்டீரியா அழுக்கைச் சிதைக்கும். அதற்குப் பிராணவாயு தேவை. சிதைவில் வெளிப்படும் கரியமில வாயுவையும் உரச்சத்தையும் எடுத்துக்கொண்டு, வெயிலில் பச்சைப் பாசி பெருகும், பிராணவாயுவை வெளியிடும். சுத்திகரிப்பு நிலையத்தில் மோட்டார் வைத்துக் காற்றடிக்கும் வேலையை இங்கே பாசி செய்துவிடுகிறது. வெயிலும், பாசியால் நீரில் கூடும் காரத்தன்மையும் நோய்க்கிருமிகளைக் குறைக்கின்றன.

பாசியை வளர்ப்பது எளிது, பிரித்தெடுப்பதுதான் கஷ்டம். கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர்களை வடிகட்டவோ, இயந்திரத்தில் சுழற்றிப் பிரிக்கவோ செலவு அதிகம். பேரியில் அந்த வேலை மீனுக்கு. வெள்ளிக் கெண்டை பாசியை நேரே வடித்துத் தின்னும். கட்லா, பாசியைத் தின்னும் நுண்ணுயிர்களைத் தின்னும். வலை வீசினால் அறுவடை முடிந்தது.

அளவு தப்பினால் ஆபத்து. இரவில் பாசியும் பிராணவாயுவைச் சுவாசிக்கும். கழிவு மிகுந்துவிட்டால் விடியற்காலையில் மீன்கள் மூச்சுத் திணறிச் செத்து மிதக்கும். தோல் பதனிடும் ஆலைக் கழிவிலுள்ள குரோமியம் போன்ற உலோகங்களையும் பாசியால் அழிக்க முடியாது. ஆலைக் கழிவை வீட்டுக் கழிவோடு கலக்கவே கூடாது.

இந்த ஏற்பாட்டின் மதிப்பை உலகறியச் செய்தவர் மாநில அரசுப் பொறியாளர் துருபஜோதி கோஷ் (மறைவு 2018). 1992-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இந்நிலத்துக்குப் பாதுகாப்பு அளித்தது. 2002-இல் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆயினும் குளங்களைத் தூர்த்து வீடு கட்டும் ஆசை ஓயவில்லை.

சால்ட் லேக்கே சதுப்பைத் தூர்த்து எழுந்த ஊர்தான். இனி நகரின் கிழக்கே மனையோ ஃபிளாட்டோ வாங்க எண்ணும் அன்பர்கள், அது முன்பு பேரியாக இருந்ததா என்று பத்திரத்தில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்க வேண்டுகிறேன். ஒரு பேரி தூர்ந்தால், சம்பளம் கேட்காத ஒரு சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டது என்று பொருள். அங்கே போக வேண்டியது நம் வீட்டுக் கழிவுநீரும்தான்.